விரதம், வெயில், ஒரு மாத்திரை: உழவாரப் பணியில் நடந்த ஒரு மயக்கம்

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துச் சிவன் கோயில். பங்குனி மாதச் சனிப் பிரதோஷம். கோயில்களில் புதர் வெட்டிச் சுத்தம் செய்யும் எங்கள் உழவாரப் பணிக் குழுவைச் சேர்ந்த 68 வயதுப் பெரியவர் ஒருவர் வேலைக்கு நடுவே நிலைதடுமாறி உட்கார்ந்துவிட்டார். அங்கே இருந்த இருபத்து மூன்று பேரும் வெயில் மயக்கம் என்றுதான் நினைத்தோம். அது வெயில் மயக்கம் இல்லை என்று முதலில் சொன்னவர் எங்களில் ஒருவர் அல்ல, கூலிக்கு வந்திருந்த ஒரு பெண்.

நான் அந்தக் குழுவின் ஒருங்கிணைப்பாளர். இதைவிட வெட்கமான விஷயம் ஒன்று உண்டு: நான் மருந்தாளுநராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சர்க்கரை மாத்திரையை நாள் தவறாமல் எண்ணிக் கொடுத்த கை இது. "சாப்பிட்டுவிட்டுப் போடணும், மறக்காதீங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. எங்கள் குழுவில் மட்டும் ஒருவரிடமும் கேட்டதில்லை.

பெரியவரும் அவர் மகளும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆள் பெயர், ஊர்ப் பெயர் போடவில்லை. உழவாரப் பணிக்குப் போகும் மற்ற குழுக்களிலும் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள்தான், அவர்களுக்குப் பயன்படும்.

ஆளும் வேலையும்

பெரியவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஐந்து வருடமாக எங்களோடு வருகிறார். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. சர்க்கரை நோய் 14 வருடமாக, ரத்தக் கொதிப்பு ஆறு வருடமாக. இரண்டும் எங்களுக்குப் பொதுவாகத் தெரியும். காபியில் சீனி வேண்டாம் என்பார், அவ்வளவுதான். என்ன மாத்திரை, எத்தனை வேளை, கடைசியாக எப்போது ரத்தம் சோதித்தார் என்பதெல்லாம் தெரியாது. யாராவது "நீங்க உட்காருங்கய்யா" என்றால் அவரிடம் தயாராக ஒரு பதில் இருக்கும்: அப்பர் சுவாமி 81 வயது வரை உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை, எனக்கு இன்னும் பதின்மூன்று வருடம் இருக்கிறது என்பார். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம்.

அன்றைய வேலை வெளிப்பிராகாரத்தின் வடமேற்கு மூலை. மதிலுக்கு உள்ளே பத்துப் பன்னிரண்டு சீமைக்கருவேல மரங்கள் வளர்ந்திருந்தன. மரத்தை வெட்டுவது பெரிய காரியமில்லை, தூரைப் பறிப்பதுதான் வேலை. தூர் மண்ணில் இருந்தால் அடுத்த மழைக்கு அதிலிருந்து நாலு கிளை கிளம்பும். சுற்றிலும் மண்ணை வெட்டி, பக்க வேர்களை அரிவாளால் நறுக்கி, கடப்பாரையைக் கொடுத்து நெம்ப வேண்டும். குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து செய்கிற வேலை. முள் வேறு. அறநிலையத்துறை அனுமதி வாங்கியிருந்தோம். மாலைப் பிரதோஷ பூஜைக்கு ஊர்க்காரர்கள் வருவதற்குள் பிராகாரத்தைச் சுற்றி வருகிற மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்பது திட்டம். அந்த "அதற்குள்" என்ற சொல்தான் எங்களை விரட்டியது என்று இப்போது தோன்றுகிறது.

தூர் பறிக்கத் துணையாக ஊரிலிருந்து இரண்டு பெண்களைக் கூலிக்கு அமர்த்தியிருந்தோம். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, தூக்குவாளியில் பழைய சோறு. நாங்களோ வேட்டி, மேலே ஒரு துண்டு. கோயிலுக்குள் என்பதால் காலில் ஒன்றும் இல்லை.

அன்று காலை

காலை 5.40-க்கு மதுரை மாட்டுத்தாவணியில் கூடினோம். பெரியவர் வீட்டிலேயே மாத்திரை போட்டுவிட்டு, சீனியில்லாத காபி குடித்துவிட்டு வந்திருக்கிறார். பிரதோஷ விரதம் என்பதால் வேறு எதுவும் இல்லை. மாலை பூஜை முடிந்த பிறகுதான் சாப்பாடு. அதாவது முந்தைய இரவுச் சாப்பாட்டிலிருந்து கிட்டத்தட்ட இருபத்திரண்டு மணி நேரப் பட்டினிக்குத் தயாராக வந்திருந்தார். விரதம் அவருக்குப் புதிதல்ல. ஆனால் மற்ற பிரதோஷங்களில் அவர் வீட்டில் உட்கார்ந்து விரதம் இருப்பார். விரதமும் கடப்பாரையும் ஒரே நாளில் சேர்ந்தது அன்றுதான்.

7.15-க்கு வேலை தொடங்கியது. 9.30-க்கு எல்லோருக்கும் பொங்கல் வந்தது. அவர் சொம்பில் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு மூலைக்குத் திரும்பினார். "விரதம்" என்றார். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகத்தான் பார்த்தோம்.

10.30 சுமாருக்கு அந்த இரண்டு பெண்களும் மம்பட்டியைப் போட்டுவிட்டு வேம்பு நிழலில் போய் உட்கார்ந்தார்கள். அப்போது அவர்களில் மூத்தவர் கூப்பிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "அய்யா, நீங்களும் சித்த நெழலுக்கு வாங்க, தூரு எங்கயும் ஓடிப் போகாது." பெரியவர் கையை மட்டும் ஆட்டினார்.

10.40-க்கு, கடப்பாரையைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று ஒரு கல்லூரிப் பையனைத் திட்டினார். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. பையன் முகம் சுண்டிப்போயிற்று. வெயில் சூடு, விட்டுவிடு என்று நானே பையனைச் சமாதானப்படுத்தினேன். அதுதான் முதல் அறிகுறி. மூளைக்குச் சர்க்கரை போதாமல் போகும்போது ஆளின் குணம் மாறும். காரணமில்லாத எரிச்சல், பிடிவாதம், பேச்சில் குழப்பம் வரும். குடித்தவர் மாதிரி இருக்கும் என்பது மருந்துக்கடை வட்டாரத்தில் எல்லோரும் அறிந்ததுதான். எனக்கு அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை.

11.05-க்கு அரிவாள் கை நழுவி விழுந்தது. கை நடுங்கியது. மேலே போட்டிருந்த துண்டு பிழிந்தால் வடிகிற அளவுக்கு வேர்வை. பத்து நிமிடத்தில் மதிலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பேச்சுக் கொடுத்தால், "கடைசி டிரிப் போயிருச்சா?" என்று கேட்டார்.

நாங்கள் செய்தது

நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தலையில் தண்ணீர் ஊற்றினோம், விசிறினோம். இதெல்லாம் சரி. அப்புறம் எலுமிச்சைச் சாறு கலக்கினோம். உப்புப் போட்டோம். சர்க்கரை டப்பாவை எடுத்த பையனை, "அவர் சுகர்காரர்டா, சீனி போடாதே" என்று தடுத்தது நான்தான்.

இந்த ஒரு வரியை எழுதத்தான் இந்த ஆய்வையே எழுதுகிறேன் என்று சொல்லலாம். சர்க்கரை நோயாளி என்பதாலேயே அவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது சர்க்கரை. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஆகாது என்ற பாதி அறிவு நம் வீடுகளில் அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது. விஷயம் தெரிந்தவன் வாயிலும் பதற்றத்தில் அதுதான் வந்தது.

நிழலில் இருந்த அந்தப் பெண் எழுந்து வந்து அவர் கையைத் தொட்டுப் பார்த்தார். "வெயில் மயக்கம்னா ஒடம்பு கொதிக்குமே, இது சில்லுன்னு கெடக்கு. அய்யாவுக்குச் சுகர் இருக்கா? எங்கத்தைக்கு இப்படித்தேன் ஆகும். சீனியக் கரைச்சுக் குடுங்க" என்றார்.

சாறு கலக்க வைத்திருந்த டப்பாவில் இரண்டு கரண்டிதான் இருந்தது. மாலை சர்க்கரைப் பொங்கலுக்கு வாங்கிய வெல்லம் மடைப்பள்ளியில் இருந்தது. நைவேத்தியத்துக்கு வைத்தது. ஒரு கணம் தயங்கினேன், மறைக்கவில்லை. குருக்களே போய் எடுத்து வந்து, "சாயங்காலத்துக்கு வேற வாங்கிக்கலாம், உடைங்க" என்றார். வெல்லத்தைக் கரைத்துக் கொடுத்தோம். நல்ல வேளையாக அவரால் விழுங்க முடிந்தது. நினைவு முழுக்கத் தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸுக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

108 வந்தபோது மணி 11.50. வெல்லம் கொடுத்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. விரலில் குத்திப் பார்த்தார்கள்: ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 58 மில்லிகிராம். 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை, 54-க்குக் கீழே போனால் ஆபத்து. வெல்லம் உள்ளே போன பிறகு 58 என்றால் அதற்கு முன்பு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். உடல் சூடு 99.4. வெப்பத் தாக்கமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருந்தால் 104-ஐத் தாண்டியிருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: வேர்வை கொட்டுவதை வைத்து வெப்பத் தாக்கம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. உழைத்து வருகிற வெப்பத் தாக்கத்தில் வேர்வையும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: உடம்பைக் குளிரவை, சர்க்கரையும் கொடு.

ஏன் வெல்லம் மெதுவாக வேலை செய்தது

மாலையில் மகள் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டியபோதுதான் முழுக்கதையும் புரிந்தது. மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை: கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ்.

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பட்டினியில் இந்த அளவுக்கு இறங்காது. கிளிமிபிரைடு அப்படியல்ல. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைப் பிடித்து அழுத்தி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாடு வரப்போகிறது என்ற நம்பிக்கையில் போடுகிற மாத்திரை அது. சாப்பாடு வரவில்லை. கடப்பாரை நெம்புகிற தசைகள் வேறு இருக்கிற சர்க்கரையை உறிஞ்சின. மூன்றாவது மருந்தான வோக்ளிபோஸின் வேலை, சீனி, மாவுச்சத்து போன்றவை குடலில் உடைவதைத் தாமதப்படுத்துவது. சீனியும் வெல்லமும் உடைந்தால்தான் குளுக்கோஸ் ஆகும். அந்தக் கதவைத்தான் வோக்ளிபோஸ் பாதி சாத்தி வைத்திருந்தது. இந்த மருந்து போடுகிறவருக்குத் தாழ்சர்க்கரை வந்தால் கடையில் விற்கிற குளுக்கோஸ் பொடிதான் உடனே கேட்கும். அது உடைய வேண்டிய அவசியமே இல்லை, நேராக ரத்தத்துக்குப் போகும். கையில் அது இல்லையென்றால் வெல்லமே மேல், சும்மா இருப்பதைவிட.

எங்கள் முதலுதவிப் பெட்டியில் ஓஆர்எஸ் பாக்கெட் இருந்தது, அதைக் கொடுத்திருக்கலாமே என்று பிறகு ஒருவர் கேட்டார். ஒரு லிட்டருக்குக் கரைக்கிற பாக்கெட்டில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். ஒரு டம்ளரில் மூன்று கிராம்கூடத் தேறாது. தாழ்சர்க்கரைக்கு ஒரே வாட்டியில் 15 கிராம் வேண்டும், சுமார் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடி. பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடி 15. ஓஆர்எஸ் உப்பும் நீரும் இழந்தவருக்கு.

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றி, சர்க்கரை 140-க்கு வந்ததும் பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "பிரதோஷத்துக்குப் போயிரலாமா?" என்று கேட்டார். விட்டிருந்தால் அதுதான் அடுத்த விபத்து. கிளிமிபிரைடு ஒரு நாள் முழுக்க வேலை செய்கிற மருந்து. மூன்று மணிக்குச் சர்க்கரை மறுபடி 62-க்கு இறங்கியது. இரவு முழுக்க வைத்திருந்து பார்த்தார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.6, கொஞ்சம் அதிகம். சிறுநீரகம் கொஞ்சம் சுணங்கியிருந்தால் மருந்தும் உடம்பில் கூடுதலாகத் தங்கும். அவர் கடைசியாக அதைச் சோதித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

பாதம்

எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் மூச்சுவிட்ட நேரத்தில், இரவுப் பணி நர்ஸ் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். இடது பெருவிரலுக்குக் கீழே முள் ஒன்று ஒடிந்து உள்ளேயே இருந்தது.

மூலையில் மண் வேலைதான். ஆனால் பறித்ததை அள்ளிக்கொண்டு கல்தளத்தில் இருபது முப்பது தடவை நடந்திருக்கிறார். பங்குனி வெயிலில் பத்து மணிக்கு மேல் பிராகாரக் கல் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் எல்லோரும் துள்ளித் துள்ளித்தான் கடந்தோம். அவர் மட்டும் நிதானமாக நடந்தார். அதையும் பக்தி என்று நினைத்தோம். நீண்ட நாள் சர்க்கரையில் பாத நரம்பு மரத்துப்போயிருந்தது, சுட்டதே தெரியவில்லை. முள்ளும் தெரியவில்லை.

தாழ்சர்க்கரை ஒரு நாளில் சரியானது. பாதம் ஆற ஒன்பது வாரம் ஆயிற்று. இடது காலில் சீழ் வைத்து, ஒரு தடவை கீறிவிட வேண்டியிருந்தது. சீமைக்கருவேல முள் லேசில் விடாது. டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது என்று கேட்டபோது அவருக்கும் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை. குழுவில் விசாரித்தேன். பாதிப் பேரின் பதில் அதேதான். முள்ளிலும் துருப்பிடித்த இரும்பிலும் மண்ணிலும் கை வைக்கிற குழு இது.

ஏன் சொல்லவில்லை, ஏன் கேட்கவில்லை

பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன். "சொன்னா விளக்குத் துலக்க விட்ருவீங்க" என்றார்.

நியாயம்தான். அதற்கு முந்தைய வருடம் அறுபத்தைந்து தாண்டியவர்களை விளக்குத் துலக்கவும் மாலை கட்டவும் உட்காரவைத்தோம். நல்லெண்ணத்தில் செய்ததுதான். அவர்களுக்கு அது ஓய்வூதியம் மாதிரி இருந்திருக்கிறது. மூன்று பேர் வருவதையே நிறுத்தினார்கள். அவர்கள் ஏன் நின்றார்கள் என்று நான் யோசிக்கவில்லை, இவர் யோசித்திருக்கிறார்.

கூலிக்கு வந்த பெண்களுக்கும் எங்களுக்கும் இருந்த வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு வேலை நாளைக்கும் உண்டு, மறுநாளும் உண்டு. உடம்புதான் முதல். ஆகவே ஏழு மணிக்குச் சாப்பிட்டார்கள், பத்தரைக்கு உட்கார்ந்தார்கள், வெயிலுக்கு மூடிக்கொண்டார்கள். எங்களுக்கு அது மாதத்தில் ஒரு நாள். உட்கார்ந்தால் குறைந்துபோய்விடும் என்ற எண்ணம். வெயிலில் உழைக்கிற பழக்கம் உடம்புக்கு வர ஒரு வாரம், இரண்டு வாரம் தொடர்ச்சியாக வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவர் ஒவ்வொரு தடவையும் புது ஆள்தான், ஐந்து வருடம் வந்தாலும். வயதானால் தாகம் எடுப்பதும் குறையும், வேர்ப்பதும் குறையும். தாகம் எடுக்கவில்லையே என்று அவர் சொல்வதை நம்பிப் பயனில்லை.

மதுரையில் இதைச் சொல்லப் புராணத்துக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்புக்குப் போகிறோமே, வந்திக் கிழவிக்காக வைகைக் கரைக்கு மண் சுமக்க வந்த சொக்கநாதர் என்ன செய்தார்? உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்றார். ஆடினார், பாடினார், நிழலில் படுத்துத் தூங்கினார். பிரம்படி வாங்கினார்தான். ஆனால் வெறும் வயிற்றோடு கூடையைத் தூக்கவில்லை. இதைக் குழுக் கூட்டத்தில் சொன்னபோது சிரித்தார்கள். சட்டதிட்டம் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை, கேட்கவும் இல்லை.

மாற்றியவை

காலை 10.30-க்குக் கோயில் மணியை அடிக்கிறோம். அடித்தால் இருபது வயதுப் பையனும் கருவியைக் கீழே வைக்க வேண்டும். முதியவர்களுக்கு மட்டும் ஓய்வு என்று வைத்தால் யாரும் உட்காரமாட்டார்கள் என்பது தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு மாலை நாலு மணி வரை வெயிலில் வேலை கிடையாது. இதனால் ஒரு கோயிலுக்கு இரண்டு வாரம் கூடுதலாக ஆகிறது என்று முணுமுணுப்பு இருக்கிறது, இருக்கட்டும்.

ஒவ்வொருவரிடமும் ஒரு அட்டை: என்ன மாத்திரை, வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும், டெட்டனஸ் ஊசி எப்போது. ரத்தக் கொதிப்புக்குப் போடும் மாத்திரை எது என்பதையும் எழுதச் சொல்கிறேன். சிலவகை மாத்திரைகள் நடுக்கம், படபடப்பு போன்ற முன்னறிவிப்பை மறைத்துவிடும். இன்னும் சில உடம்பிலிருந்து உப்பை இறக்கும், அவர்கள் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் சோடியம் குறைந்து அது ஒரு தனி மயக்கம். குளுக்கோஸ் பொடி மூன்று பாக்கெட்டும் சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றும் வாங்கினோம்.

விரதம் இருப்பவர்களைத் தடுக்கவில்லை. தடுத்தால் மறைப்பார்கள். விரத நாளில் கடப்பாரை வேண்டாம், மாத்திரையை எப்படிப் போடுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வாருங்கள், தானாக நிறுத்தவும் வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.

காலணிதான் இழுபறியாக இருந்தது. மதிலுக்குள் செருப்பு என்ற பேச்சையே சிலர் ஏற்கவில்லை. குருக்களிடமே கேட்டோம். சன்னிதிப் பக்கம் வேண்டாம், வெளிப்பிராகாரத்தில் புதர் வெட்டும்போது வெளியே போட்டு நடக்காத துணிக் காலணி என்றால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். பத்து ஜோடி வாங்கிக் கருவிகளோடு ஒரே சாக்கில் வைத்திருக்கிறோம். கல்தளத்தில் ஈரச் சாக்கு விரிக்கிறோம். அப்படியும் இரண்டு பேர் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள். வேலை முடிந்ததும் எல்லோர் உள்ளங்காலையும் ஒருவர் மற்றவருக்குப் பார்க்க வேண்டும் என்று வைத்தேன். முதல் தடவை கூச்சமாக இருந்தது.

பெரியவருக்கு மருத்துவர் மாத்திரையை மாற்றிவிட்டார். கிளிமிபிரைடு இல்லை. மூன்றாவது மாதம் திரும்ப வந்தார், துணிக் காலணியோடு. பிரதோஷ விரதத்தை இப்போது பழ விரதமாக்கிக்கொண்டிருக்கிறார். எட்டு மணிக்கு அவர் மகள் எனக்குப் போன் செய்து, பழம் சாப்பிட்டாரா என்று கேட்பார். நான் அவரைப் பார்ப்பேன், அவர் வாழைப்பழத் தோலைத் தூக்கிக் காட்டுவார். அந்தக் கல்லூரிப் பையன்தான் அவருக்கு ஜோடி.

வடமேற்கு மூலைத் தூரை, அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த வாரம், அந்த இரண்டு பெண்களும் காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் பறித்துப் போட்டுவிட்டு நிழலுக்குப் போய்விட்டார்கள்.